சீனியர்களே, நம் கல்லூரி மாணவர்களுக்கு மொத்தம் பதினைந்து மணி நேர வேலை ஒன்று கிடைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம். நான் 2011 மெக்கானிக்கல் பேட்ச், இப்போது கோவையில் பம்பு உதிரிபாகத் தொழில்.

போன மாதம் நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் எங்கள் ஸ்டாக் எக்செல் ஃபைலைச் சரிபார்க்கக் கொடுத்தேன். அவர் இருந்தது பரமக்குடியில், வீட்டில். நாலாம் நாள் போன் வந்தது: "அண்ணா, ஒரே வாஷர் நாலு ஸ்பெல்லிங்ல நாலு ஐட்டமா இருக்கு." மூன்று வருடமாக எங்கள் கண்ணில் படாதது! மொத்தம் பதினெட்டு மணி நேரம், 4,000 ரூபாய் கொடுத்தேன்.

அமெரிக்காவில் இதற்கு மைக்ரோ இன்டர்ன்ஷிப் என்று பெயர். சிகாகோவின் பார்க்கர் டூவி நிறுவனம் இதையே தொழிலாக நடத்துகிறது: பெரும்பாலும் 10 முதல் 40 மணி நேரம், சம்பளத்துடன். வேலைகளையும் மாணவர்களையும் பட்டியல் போட நமக்கு ஒரு கூகுள் ஷீட் போதும்.

உங்கள் மேசையில் "அப்புறம் பார்க்கலாம்" என்று கிடக்கும் வேலை ஏதாவது இருக்கிறதா? கேட்டலாக்கைத் தமிழில் எழுதுவது, பழைய டிராயிங்கை ஆட்டோகேடில் ஏற்றுவது, எதுவானாலும் சரி. படித்து முடித்து வேலை தேடும் 2024 பேட்ச் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சம்பளம் இல்லாமல் சர்டிபிகேட் மட்டும்தான் என்றால் வேண்டாம். நானே அப்படி ஒரு மாதம் ஜெராக்ஸ் எடுத்துக் கழித்தவன்.

இன்னொன்று, நம்மில் வக்கீல் யாராவது இருந்தால், கஸ்டமர் விவரம் வெளியே போகாமலிருக்க ஒரு பக்க ஒப்பந்தம் எழுதித் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் செமஸ்டர் லீவுக்கு முன்பே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.