புதுப்பிப்பு: அம்மாவின் காதடி வலி, ஊசிச் சோதனை முடிவு வந்துவிட்டது

முதல் வாய் சோறு வைத்ததும் அம்மாவுக்குக் காதடியில் சுரீரென்று இழுக்கிறது, பல்லில் ஒன்றுமில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் மாத்திரை வாங்கிக்கொண்டு இருக்காமல் யாழ்ப்பாணம் கொண்டு போ தம்பி என்ற அக்காவுக்கு முதலில் நன்றி.

பலர் கல் என்றீர்கள். நியாயமான சந்தேகம்தான், சாப்பிடும்போது வீங்கி வலித்துப் பிறகு வற்றினால் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல், அதுவும் அநேகமாகத் தாடைக்குக் கீழே. அம்மாவுக்கு வீக்கம் ஏறி இறங்கவேயில்லை. காது மடலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, விரல் பட்டால் வழுக்கியது. மாங்காய்த் துண்டைக் கண்டாலே கன்னத்தைப் பொத்திக்கொள்வா.

ஸ்கான், பிறகு கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். புற்று இல்லை. காதடியில் இருக்கும் இந்த உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தானாம், ஆனால் வலி இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். வாய் கோணினால், கண் மூட முடியாவிட்டால், கட்டி கெதியாக வளர்ந்தால் ஒரு நாளும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

விட்டால் பல வருடங்களில் சிலருக்குப் புற்றாக மாறலாம் என்பதால் வெட்டி எடுக்கத்தான் போகிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளால்தான் போகிறது, அதுதான் எனக்குப் பயம் (அம்மாவுக்கோ வயல் அறுவடைக்குள் திகதி வந்துவிடுமோ என்ற கவலை). ஒப்பரேஷனுக்குப் பிறகு சாப்பிடும்போது கன்னம் வியர்க்கும் என்கிறார்களே, செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.