பிரான்சிலிருந்து ஜேர்மனிக்கு: ஒப்பந்தம் முடிந்ததும் புறப்படலாமா?

கேள்வி:
வணக்கம். நான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, பாரிஸ் புறநகரில் வசித்து வருகிறேன். களஞ்சியமொன்றில் செய்துவரும் ஒப்பந்த வேலை இம்மாத இறுதியுடன் முடிவடைகிறது. மனைவியின் உறவினர் டோர்ட்முண்ட் நகரில் இருப்பதால், அங்கேயே குடியேறி வேலை தேட எண்ணுகிறோம். மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பிரான்சின் பத்தாண்டு வதிவிட அட்டையும் மட்டுமே உள்ளன. ஒப்பந்தம் முடிந்த மறுநாளே புறப்படலாமா, அவரும் அங்கு வேலை செய்ய முடியுமா என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
ஐயா, மறுநாளே புறப்பட வேண்டாம். ஒப்பந்தம் முடிந்ததும் 'பிரான்ஸ் திராவாய்' என்னும் அரச வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, குறைந்தது நான்கு வாரங்கள் பிரான்சிலேயே வேலை தேடுபவராக இருந்த பின் யூ2 படிவத்தைப் பெற்றுக்கொண்டால், பிரான்சின் வேலையின்மைக் கொடுப்பனவு உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்க, ஜேர்மனியில் மூன்று மாதங்கள் நிதானமாக வேலை தேடலாம். கொடுப்பனவு வழங்கும் அலுவலகம் இசைந்தால் இக்காலம் ஆறு மாதம் வரை நீடிக்கப்படவும் இடமுண்டு. பிரான்சிலிருந்து விலகிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் ஜேர்மனியின் 'ஆர்பைட்ஸ்அகென்டூர்' என்னும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்; தாமதித்தால் பதிந்த நாளிலிருந்துதான் பணம் கணக்கிடப்படும். வேலை கிடைக்காத நிலையில் படிவத்தின் காலம் முடியுமுன் பிரான்சுக்குத் திரும்பாவிட்டால், எஞ்சிய உரிமையும் பறிபோகும். அவசரப்பட்டுப் புறப்பட்டு, உழைத்துச் சேர்த்ததையெல்லாம் வாடகைக்கே கொடுத்துத் தீர்க்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

மறுமொழி 2:
உங்கள் மனைவியைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக இன்னொரு உறுப்பு நாட்டில் குடியேறுவதால், உங்களுடன் வரும் துணைவிக்கு ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அங்கு தங்கவும் தொழில் புரியவும் உரிமை உண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவர் 'ஔஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே' என்னும் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜேர்மன் குடிமக்களின் துணைவர்களிடம் கேட்கப்படும் ஆரம்பநிலை மொழிச் சான்றிதழை இவரிடம் கேட்க முடியாது. எனினும் மொழியைக் கற்கத் தொடங்கிவிடுவதே நல்லது. தாதியர் பணி போன்ற துறைகளில் மொழித் தேர்ச்சியும் தகைமை அங்கீகாரமும் இன்றிக் கதவு திறக்காது. அவருடைய உரிமை உங்கள் உரிமையைச் சார்ந்தே நிற்பதால், நீங்கள் வேலை தேடுவதற்கான சான்றுகளை, விண்ணப்பங்களையும் வந்த பதில்களையும், ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் உறவினர் வீட்டில் தங்கினால் முகவரிப் பதிவு செய்ய இயலுமா?

மறுமொழி 3:
இயலும், தம்பி. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் 'அன்மெல்டுங்' எனப்படும் முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும். அதற்கு வீடு தந்தவர் கையொப்பமிட்ட படிவம் தேவை. உறவினர் வாடகைக்கு இருப்பவராயின், வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முதலில் பெறட்டும். பதிந்ததும் உங்கள் பெயரைத் தபால்பெட்டியில் தெளிவாக ஒட்டிவிடுங்கள். வரி அடையாள எண் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். அந்த எண்ணின்றி வேலை தொடங்கினால், முதற் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி மிக உயர்ந்த வரி கழிக்கப்பட நேரலாம். பின்னர் தனி வீடு பார்க்கும்போது, பிணைப்பணம் அடிப்படை வாடகையின் மூன்று மாதத் தொகையை மிஞ்சக்கூடாது என்பதும், அதை மூன்று தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். முகவரிப் பதிவுக்கு மறுக்கும் அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.