பத்து லட்சத்தில் ரேஸ் டீம்: நடக்குமா?

மூன்றாம்கியர் (அல்சூர்):
ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர், ஆளுக்கு 2 லட்சம். பழைய ஸ்விஃப்ட் ஒன்றை ரேஸ் காராக மாற்றி, அடுத்த சீசன் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இறக்க ஆசை. கார் 2, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட் எல்லாம் 2, என்ஜின், சஸ்பென்ஷன் 2. மீதி 4 லட்சத்தில் சீசனை ஓட்டிவிடலாம். ஓட்டப்போவது இரண்டு பேர். எங்காவது இடிக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
2025 ஜனவரியில் அஜித் டீம் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தாலும் வந்தது, ஊரில் எல்லோருக்கும் டீம் ஆசை! இடிப்பது அந்த 'மீதி'தான். ஓட்டுபவர்களின் ஹெல்மெட், தீ தாங்கும் சூட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லையே? இரண்டு செட் வேண்டும். பைக் ஹெல்மெட்டோடு போனால் ரேஸுக்கு முந்தைய சோதனையான ஸ்க்ரூட்டினியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேஜ் போட்ட காரை ரோட்டில் ஓட்ட முடியாது. பெங்களூரிலிருந்து போக மட்டும் சுமார் 300 கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் ஃப்ளாட்பெட் லாரிதான். டோல், ரூம், மெக்கானிக் பேட்டா, என்ட்ரி ஃபீஸ், டயர், இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ் எல்லாம் அதற்கு மேல். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ் சேராது, சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்கள் தலையில். பேசாமல் ஏற்கெனவே ஓடும் டீமில் காரை வாடகைக்கு எடுங்கள்.

மூன்றாம்கியர்:
வாடகைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். சொந்தக் கார் என்றால் கடைசியில் விற்கலாமே.

கணக்குப்பிள்ளை:
யாரிடம்? கேஜ் போட்ட காரை இன்னொரு ரேஸ் பைத்தியம்தான் வாங்கும். அவனும் பேரம் பேசுவான்.

ஜேசிரோடு_மணி:
பிள்ளை சார் சொல்வதில் பாதிதான் சரி. வாடகைக் காரில் ஓட்ட மட்டும்தான் கற்றுக்கொள்வீர்கள். டீம் வேண்டுமென்றால் கையில் கிரீஸ் பட வேண்டும். ஆனால் தம்பி, முதல் வருடம் என்ஜினைத் தொடாதீர்கள். பவரைக் கூட்டினால் கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட் என்று செலவு வரிசையாக வரும். அந்தக் காசில் நல்ல பிரேக் பேட், கொதிநிலை அதிகமான பிரேக் ஆயில் போடுங்கள். சாதாரண ஆயில் நாலைந்து லேப்பில் கொதித்துவிடும், டிராக்கின் நேர்ப்பாதை முடிவில் மிதித்தால் பெடல் அப்படியே கீழே போகும். பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், அதில் காலாவதி ஆண்டு அச்சடித்திருக்கும்.

வித்யா_கார்ட்:
எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐந்து பேர் காசு போடுகிறார்கள், இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். மற்ற மூன்று பேர் குடை பிடிக்கவா? ஒருவர் காரை நசுக்கிவிட்டால் செலவு யாருடையது, ஓட்டியவருடையதா ஐந்து பேருடையதா? இதை எழுதி வைக்காமல் காரை வாங்கினால் முதல் ரேஸிலேயே நட்பு முறிந்துவிடும்.

மூன்றாம்கியர்:
நாங்கள் காலேஜிலிருந்தே நண்பர்கள் மேடம்.

வித்யா_கார்ட்:
அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றாம்கியர்:
சரி. என்ஜின் வேலை வேண்டாம். அந்த 2 லட்சத்தில் பாதி இரண்டு செட் சூட், ஹெல்மெட்டுக்கு, பாதி சேதாரத்துக்கு. நசுக்கியவர் பாதி, மற்ற நால்வர் பாதி. வாடகைக்கு மட்டும் மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒரு ரேஸ், ஒரே ஒரு ரேஸ் வாடகையில் ஓட்டிப் பாருங்கள். பில்லைப் பார்த்த பிறகு எத்தனை பேர் மிஞ்சுகிறீர்கள் என்று தெரியும்.

ஜேசிரோடு_மணி:
எந்த வருட மாடல் தம்பி? பெட்ரோலா, டீசலா? நீங்கள் சேரப்போகும் பிரிவின் விதியில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.