கிளைக்கதையா, கவைக்கதையா? பிரியும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் சொல் தேவை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வயதுவந்தோருக்கான ஊடாட்டப் புனைவு ஒன்றை ட்வைன் மென்பொருளில் எழுதிவருகிறேன். வாசிப்பவரே பாத்திரமாக நின்று அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார். கதை அதன்படி நகரும். கதைக்கருவைப் பற்றி நண்பர்களோடு பேச உட்கார்ந்தால் இரண்டு இடங்களில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறோம்: கதை பிரியும் இடம், பிரிந்தவை மீண்டும் சேரும் இடம்.

பிரிவதற்கு இந்தக் குழுவில் முன்பு ஒருவர் தந்த சொல் "கிளைக்கதை". அது பாரதத்தில் நளன் கதையைப் போல, பெருங்கதைக்குள் வரும் தனிக்கதைக்கு நிலைத்துவிட்ட பெயர். "கவர்" நல்ல வேர்தான். கவர்த்த வழி என்றால் பிரிந்து செல்லும் வழி. சங்கப் பாடல்களில் வரும் "கவலை"க்கும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் வயதுவந்தோர் கதைக்குக் "கவர்புனைவு" என்று பெயரிட்டால் எல்லோரும் கவர்ச்சி என்றே படிப்பார்கள். ஆகவே "கவை" என்கிறேன். கவைக்கோல், கவட்டை என ஊரில் புழங்கும் சொல்தான். பிரியும் இடம் கவை, அப்படிப் பிரியும் கதை கவைக்கதை.

சேரும் இடம்தான் எனக்கு முக்கியம். பத்து முறை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் முடிவுகள் மட்டும் 1,024 ஆகும். மொத்தம் 2,047 காட்சிகள் எழுத வேண்டும். ஒவ்வொரு கவைக்குப் பின்னும் சேர்த்துவிட்டால் 31 காட்சிகள் போதும். இப்படிச் சேரும் இடத்துக்கு ஆங்கிலத்தில் புட்டியின் கழுத்தை (bottleneck) சொல்கிறார்கள். அது நெருக்கடியைக் குறிக்கும் உருவகம். நான் முன்வைக்கும் சொல் "கூடுதுறை". பவானி ஆறு காவிரியோடு சேரும் இடத்துக்கு அதுதானே பெயர்!

என் கதையையே சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் துபாயில் இருந்துவிட்டுக் கணவன் வீடு திரும்புகிறான். அங்கே அவனுக்கு ஒருத்தியோடு பழக்கம் இருந்தது. முதல் இரவிலேயே மனைவியிடம் சொல்வதா, மறைப்பதா? இது கவை. எதைத் தேர்ந்தாலும் மறுநாள் காலை அடுக்களையில் அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள். இது கூடுதுறை. காட்சி ஒன்றுதான், ஆனால் அவள் முகம் ஒன்றல்ல. இன்ஃபோகாம் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஒரு கணினி விளையாட்டில் ஆபாசத்தின் அளவை மூன்று நிலைகளில் ஒன்றாக விளையாடுபவரே வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு ஒரு கதையை வயதுவந்தோருக்கு உரியதாக ஆக்கிவிடாது. நேற்று இரவு சொன்னதும் மறைத்ததும் காலையில் கணக்கில் வர வேண்டும். கதைக்கருவைத் தேடும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, எந்தக் கூடுதுறையில் இவர்கள் மறுபடி முகம் பார்த்தாக வேண்டும் என்பதைத்தான்.

உங்கள் கருத்தை அறிய ஆவல்.

* * *

தம்பிக்கு வணக்கம்.

கவையில் ஒரு சிறு தடை. "கவைக்குதவாத பேச்சு" என்ற வழக்கு பலருக்கு உடனே நினைவுக்கு வரும். அது பெரிதில்லை, பழகினால் போய்விடும்.

> நான் முன்வைக்கும் சொல் "கூடுதுறை".

கவர்ச்சி ஒலிக்கிறது என்று "கவர்" என்பதைத் தள்ளிய நீங்கள், கூடல் ஒலிக்கும் சொல்லை எப்படி ஏற்கிறீர்கள்? கணவன் மனைவி கதையில் கூடுதுறை என்றால் வாசகர் வேறு நினைக்க மாட்டாரா? மேலும், பவானியில் அது பெற்றோருக்குத் திதி கொடுக்கும் இடம். நானும் கொடுத்திருக்கிறேன். "சந்தி" என்று வைத்துக்கொண்டால் என்ன? தெருவுக்கும் பொருந்தும், கதைக்கும் பொருந்தும்.

* * *

ஐயா, வணக்கம்.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. நானே அதைக் கவனித்திருக்க வேண்டும். பவானிக்காரரான என் அத்தையிடம் எந்தச் சூழலும் சொல்லாமல் சொல்லை மட்டும் சொன்னேன். "ஆறு சேர்ற இடம்" என்றார். சென்னையிலேயே வளர்ந்த அவர் மகளும் யோசித்துவிட்டு ஆறு என்றாள். "துறை" பின்னால் நிற்பதால் சொல் தண்ணீரோடு கட்டுப்பட்டுவிடுகிறது. "கூடல்" என்று மட்டும் வைத்திருந்தால் நீங்கள் அஞ்சியதே நடந்திருக்கும். அகப்பாடல்களின் சூழலைத் "துறை" என்று வகுத்த மரபும் நமக்கு உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்தியை நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். இலக்கண வகுப்பு நினைவுக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தெருச்சந்தியில் வழிகள் சேர்கின்றன, பிரியவும் செய்கின்றன. கவையும் அதுவே, கூடுதுறையும் அதுவே என்று ஆகிவிடும். பிரித்துச் சொல்லத்தானே இரண்டு சொற்களைத் தேடுகிறோம்?

திதி கொடுக்கும் இடம் என்று நீங்கள் எழுதியதை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். பொதுப்பெயராக ஆள்வது அந்த இடத்துக்குக் குறைவு தரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு உறுத்தினால் "கூடுமுகம்" என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம். கழிமுகம் இருக்கிறது, அதுவும் நீர்ச்சொல்தான்.

இன்னும் ஒன்று. வெள்ளக் காலத்தில் ஆறுகள் சேர்ந்த பிறகும் கலங்கல் நீர் சிறிது தூரம் தனி நிறமாகவே ஓடும். அதுபோல, முந்தைய தேர்வைக் கதை நினைவில் வைத்திருக்கும் குறிப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். "சுவடு" என்று எழுதிவருகிறேன். "மறைத்தான் என்ற சுவடு இருந்தால் அவள் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போவாள், இல்லையென்றால் கையில் கொடுப்பாள்" என்பது என் வரைவில் உள்ள வரி. சுவடி என்று தவறாகப் படிக்க இடமுண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.