சுகார்த்தோ: மார்ச்சில் ஏழாவது முறை அதிபர், மே மாதம் பதவி இல்லை. நடுவில் என்ன நடந்தது?

தென்கடல் மாணவன் கேட்டது:

வணக்கம். தென்கிழக்கு ஆசிய அரசியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தோனேசியாவின் அதிபராக இருந்த சுகார்த்தோவிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

1998 மார்ச் 10 அன்று மக்கள் ஆலோசனைப் பேரவை அவரை ஏழாவது முறையாக அதிபராக்குகிறது. எதிர்த்து நிற்க ஆளே இல்லை. மே 21 காலையில் அவரே பதவி விலகல் கடிதத்தை வாசிக்கிறார். முப்பத்திரண்டு வருட ஆட்சி எழுபத்திரண்டு நாளில் முடிந்துவிட்டது. சில புத்தகங்கள் ஆசிய நிதி நெருக்கடிதான் காரணம் என்கின்றன, சில மாணவர் போராட்டம் என்கின்றன. 1965-66இல் ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டதில் முன்னால் நின்ற ராணுவம், இந்த முறை ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? அந்தச் சமயத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்கர்:

பணத்தை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்ல முடியாது. 1997 நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2,400 ரூபியா (இந்தோனேசிய நாணயம்). 1998 ஜனவரியில் அது 10,000-ஐத் தாண்டி, ஒரு கட்டத்தில் 16,000-க்கும் மேலே போனது. அங்கிருந்த கம்பெனிகள் டாலரில் கடன் வாங்கி ரூபியாவில் சம்பாதித்தவை. சில மாதங்களில் பல கம்பெனிகள் திவால். 1997 நவம்பரில் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) சொல்படி பதினாறு வங்கிகளை மூடினார்கள். அடுத்தது எந்த வங்கியோ என்று ஜனங்கள் மற்ற வங்கிகளிலும் பணத்தை எடுக்க ஓடினார்கள். மே 4 அன்று பெட்ரோல் விலை லிட்டருக்கு 700 ரூபியாவிலிருந்து 1,200 ஆனது. மறுநாளே சுமத்ராத் தீவின் மேடான் நகரில் கலவரம் பெரிதாகிவிட்டது.

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்:

தம்பி, நான் அப்போது ஜகார்த்தாவை ஒட்டிய தாங்கெராங்கில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். கணக்கர் சொன்ன எண்கள் சரி. அந்த எண்கள் மில்லுக்குள் எப்படி வந்தன என்பதைச் சொல்கிறேன்.

நூலை ஏற்றுமதி செய்கிற மில் அது. டாலர் ஏறினால் எங்களுக்கு லாபம்தானே என்று வெளியே இருப்பவர்கள் நினைத்தார்கள். பஞ்சு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கு எல்.சி., அதாவது விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறக்க வேண்டும். இந்தோனேசிய வங்கி கொடுக்கிற எல்.சி.யை வெளிநாட்டு வங்கிகள் வாங்க மறுத்தன. கையில் ஆர்டர் இருந்தது, குடோனில் பஞ்சு பேல் இல்லை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களை ஒவ்வொரு வரிசையாக நிறுத்தினோம். ஷிப்டு குறைந்தது, சம்பளமும் குறைந்தது. அதே வாரங்களில் அரிசி, எண்ணெய், பால் மாவு எல்லாம் ஏறின. ஜனவரி 8 அன்று கடைகளில் அலமாரி அலமாரியாக வழித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் அப்போது யாரும் சுகார்த்தோ போவார் என்று பேசவில்லை. பேசப் பயம். ஜனவரி 15 அன்று அவர் ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தில் குனிந்து கையெழுத்துப் போட, பக்கத்தில் ஐ.எம்.எஃப். தலைவர் மிஷேல் காம்டெசு கையைக் கட்டிக்கொண்டு நின்ற படம் பேப்பரில் வந்தது. வயதான தொழிலாளிகள் அதை நீங்கள் நினைப்பதை விட நீண்ட நேரம் பார்த்தார்கள். ஐம்பதாயிரம் ரூபியா நோட்டில் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் வேறொருவர் முன்னால் குனிவதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

மார்ச்சில் புது அமைச்சரவை வந்தது. மூத்த மகள் தூதூத் சமூக நல அமைச்சர். கால்ஃப் நண்பர் பாப் ஹசான் வணிக அமைச்சர். நாடு பற்றி எரியும்போது குடும்பத்தையும் கூட்டாளியையும் நாற்காலியில் உட்கார வைத்தார். என்னைக் கேட்டால் தப்பிக்க இருந்த கடைசி வாய்ப்பை அவர் விட்டது அங்கேதான். அதுவரை அவரை நம்பியிருந்த படித்த, வசதியான குடும்பங்களும் அதற்குப் பிறகு பிள்ளைகளை ஆர்ப்பாட்டத்துக்குப் போகாதே என்று தடுக்கவில்லை.

மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். சுகார்த்தோ அப்போது கெய்ரோவில் வளரும் நாடுகளின் ஜி-15 மாநாட்டில் இருந்தார். அடுத்த இரண்டு நாளும் ஜகார்த்தா எரிந்தது. தாங்கெராங்கிலும் கடைகள் எரிந்தன. சீன வம்சாவளிக் குடும்பங்களின் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். ஜகார்த்தாவின் சீனர் வட்டாரமான குளோடோக் அடியோடு போனது. தங்கள் கடையைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவர்கள் ஷட்டரில் "பிரிபூமி" என்று பெயின்டில் எழுதினார்கள். மண்ணின் மக்கள் கடை, விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

எங்கள் மில் கேட்டில் ராத்திரி முழுக்கக் காவல் நின்றது தொழிலாளிகள்தான். பஞ்சு குடோனில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க முடியாது, அவர்கள் பிழைப்பும் அதோடு சாம்பல். போலீஸ், ராணுவம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. தலைநகரில் அத்தனை படை இருந்தும் தெருக்களைக் காலியாக விட்டது ஏன் என்று அப்போதும் கேட்டோம், இப்போதும் கேட்கிறேன்.

கிழக்கு ஜகார்த்தாவில் கிளெண்டர் யோக்யா பிளாசா என்ற கடைத் தொகுதிக்குள் ஜனங்கள் இருக்கும்போதே தீ வைக்கப்பட்டது. எங்கள் மில்லில் சைடர் வேலை (அறுந்த நூலை ஒட்டும் வேலை) பார்த்த ஒரு அம்மாவின் அக்கா மகன் அதற்குள் போனவன் திரும்பவில்லை. பள்ளிக்கூடப் பையன். அந்தச் சில நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் இப்படிக் கட்டடத்துக்குள் சிக்கிக் கருகிய ஏழைகள். அதிகாரிகள் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த அம்மா மகனை இழந்த அக்காவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தபோது, அங்கேயும் அதே பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது.

சரி, ராணுவத்துக்கு வருகிறேன். மே 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள், அந்தப் பச்சைக் கூரை மேலே ஏறி நின்றார்கள். வாசலில் இருந்த படை தடுக்கவில்லை. அன்றே சபாநாயகர் ஹர்மோகோ, அதிபர் விலகுவது நல்லது என்று அறிவித்தார். ஆளும் கோல்கார் கட்சித் தலைவராக இருந்து, மக்கள் இன்னும் சுகார்த்தோவைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லிவந்தவர் அவர். கேன்டீன் டி.வி. முன்னால் யாருக்கும் பேச்சு வரவில்லை. அன்று இரவு ஆயுதப் படைத் தளபதி விராந்தோ வந்து, அது ஹர்மோகோவின் சொந்தக் கருத்து என்று சொன்னார்.

அதே சமயத்தில் ஒழுங்கை நிலைநாட்ட எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்று விராந்தோவுக்கு சுகார்த்தோ ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்தார். 1966 மார்ச் 11 அன்று அப்போதைய அதிபர் சுகர்ணோவிடமிருந்து வாங்கிய அப்படியொரு கடிதத்தை வைத்துத்தான் அவரே ஆட்சிக்கு வந்தார். விராந்தோ அதைப் பயன்படுத்தவில்லை. இன்னொரு பக்கம் ராணுவத்தின் கோஸ்ட்ராட் என்ற சேமப் படையின் தலைவராக சுகார்த்தோவின் மருமகன் பிரபோவோ. இரண்டு பேருக்கும் போட்டி. தளபதிகள் ஒருவரை ஒருவர் நம்பாத நேரத்தில், லட்சக்கணக்கான ஜனங்களைச் சுடச் சொல்லும் உத்தரவில் யார் கையெழுத்துப் போடுவார்?

19ஆம் தேதி சுகார்த்தோ, நூர்கோலிஷ் மஜீத், அப்துர்ரஹ்மான் வாஹித் போன்ற முஸ்லிம் தலைவர்களை அழைத்துப் பேசினார். சீர்திருத்தக் குழு அமைக்கிறேன், தேர்தல் நடத்துகிறேன், நான் நிற்க மாட்டேன் என்றார். அந்தக் குழுவில் சேர ஆள் கிடைக்கவில்லை. 20ஆம் தேதி கினன்ஜார் கர்தாசஸ்மிதா தலைமையில் பதினான்கு அமைச்சர்கள், புது அமைச்சரவையில் இருக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் கணக்கில் ஆட்சி விழுந்தது அந்தக் கடிதத்தில்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெர்டேகா அரண்மனையில் அவர் வாசித்தது அதற்கான ரசீது. பணச் சரிவும் மாணவர்களும் சேர்ந்து, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு இந்த ஆளோடு நிற்பது இனி ஆபத்து என்று உணர்த்திவிட்டார்கள். முப்பது வருடம் அவரால் வாழ்ந்தவர்கள் மூன்று நாளில் கைவிட்டார்கள்.

தென்கடல் மாணவன்:

மிக்க நன்றி ஐயா. அந்த அதிகாரக் கடிதம் எனக்குத் தெரியாது. அப்படியானால் மே மாதக் கொலைகளுக்கு யாராவது தண்டிக்கப்பட்டார்களா? சுகார்த்தோ மேல் வழக்கு நடந்ததா?

தீவுக்காரன்:

ஊழல் வழக்கு 2000இல் வந்தது. உடல்நிலை சரியில்லை என்று நீதிமன்றம் கைவிட்டது. 2008 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஹபிபி பத்திரிகைகளைத் திறந்துவிட்டார், 1999 ஜூனில் தேர்தல் நடத்தினார், கிழக்குத் திமோருக்கு வாக்கெடுப்பும் கொடுத்தார். பிரபோவோவை ராணுவத்திலிருந்து அதே 1998இல் வெளியே அனுப்பினார்கள். 2024 அக்டோபரில் அவரே நாட்டின் அதிபர் ஆகிவிட்டார்.

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்:

தீ வைக்கச் சொன்னவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை தம்பி. 1998 ஜூலையில் அரசே ஓர் உண்மை கண்டறியும் குழுவை அமைத்தது. வெளியூர் ஆட்கள் கூட்டமாக வந்து தூண்டிவிட்டுப் போனதை அந்தக் குழு பதிவு செய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களையும் கணக்கெடுத்தது. அதில் பலர் சீன வம்சாவளிப் பெண்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான தேசிய ஆணையம் அந்த வருடம் அக்டோபரில் பிறந்தது இதனால்தான். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு எரிகிறது.

உங்கள் கட்டுரையில் கூரை மேல் நின்ற மாணவர்களும் பதினான்கு அமைச்சர்களும் கட்டாயம் வருவார்கள். கிளெண்டர் பிளாசாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தக் குழுவின் அறிக்கையைத் தேடி எடுத்துப் படியுங்கள். மில் வேலை, எல்.சி. விஷயத்தில் இன்னும் ஏதாவது தேவைப்பட்டால் கேளுங்கள், நினைவிருப்பதை எழுதுகிறேன்.