கழிவு வெப்பத்தில் செயற்கைச் சுழல்காற்று: சிங்கப்பூருக்கு ஒத்துவருமா?

ஜூரோங்வாசி: கனடாப் பொறியாளர் லூயி மிஷோவின் யோசனை இது. மின்நிலையக் கழிவு வெப்பத்தால் சூடேறிய ஈரக்காற்றை வட்ட அரங்குக்குள் பக்கவாட்டில் சாய்த்து விட்டால், அது சுழன்றபடி மேலெழும். சுவரே இல்லாத புகைபோக்கி. காற்று உள்ளே பாயும் வழிகளில் டர்பைன்களை வைத்து மின்சாரம் எடுக்கலாம். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி வீணாகிறது. ஏன் முயலக்கூடாது?

செம்பவாங் மாலுமி: தம்பி, அது தரம் குறைந்த வெப்பம். குளிர்விக்கும் நீர் 37 பாகையில் வெளியேறி, கடல் 30 பாகையில் இருந்தால், கார்னோ எல்லையே, அதாவது வெப்பத்தில் அதிகபட்சம் வேலையாக மாற்றக்கூடிய பங்கே, 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான்.

ஜூரோங்வாசி: குளிர்முனை கடல் இல்லை அண்ணே, வானம். நம் தலைக்கு மேல் 16, 17 கிலோமீட்டரில் காற்று கழித்தல் 80 பாகை. அந்தக் கணக்கில் எல்லை சுமார் 38 விழுக்காடு. பிற்பகல் இடிமேகம் இந்த வித்தியாசத்தில்தானே எழுகிறது!

செம்பவாங் மாலுமி: சுழல் அவ்வளவு உயரம் போனால்தானே? ஸ்பெயினின் மன்சனாரெஸில் 1982-இல் வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் மின்சாரம் எடுக்க 195 மீட்டர் சூரியப் புகைபோக்கி கட்டினார்கள். நிஜச் சுவர் இருந்தும் அதன் திறன் வெறும் 50 கிலோவாட். 1989-இல் புயலில் விழுந்தது. இங்கே விடியற்காலை சுமத்ரா புயற்காற்று வீசும்போது சுவரில்லாத சுழல் நிற்குமா? சாங்கி, சிலேத்தார், தெங்கா என்று விமானப்பாதை இல்லாத வானம் இந்தத் தீவில் எங்கே?

பொங்கோல் மலர்: குளிர்தான் வேண்டுமென்றால் கையருகே இருக்கிறதே. ஜூரோங் தீவு முனையத்துக்குக் கழித்தல் 162 பாகையில் திரவ இயற்கை எரிவாயு வருகிறது. அந்தக் குளிரில் மின்சாரம் எடுக்கலாமே?

ஜூரோங்வாசி: எடுக்கலாம் அக்கா, ஆனால் அளவு சிறியது. ஒரு கிலோ எரிவாயுவை எரித்தால் சுமார் 50 மெகாஜூல் கிடைக்கும். அதன் குளிர் 1 மெகாஜூல்கூட இல்லை. குழாய்வழி வரும் வாயுவில் அந்தக் குளிரும் கிடையாது. விமானப் பிரச்சினையை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முதலில் சின்ன சோதனை கேட்கிறேன்.

செம்பவாங் மாலுமி: சரி, சோதனைக்கு நான் எதிரி இல்லை. ஜூரோங் தீவின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே வேண்டாம், வேறு நாட்டில் விமானம் பறக்காத இடத்தில் செய்யட்டும். விசிறிக்கும் பம்புக்கும் போன மின்சாரத்தைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்று அளந்து காட்டட்டும். அந்த எண் வராமல் நம் வரிப்பணத்தில் ஒரு வெள்ளிகூடப் போகக்கூடாது.