ஈராக் போர் 2003: எதிரெதிரே நின்று வாதாடியவர்கள்

இங்கிலாந்தின் ஸ்விண்டனிலிருந்து:

இன்றைக்கு இங்கே யாரைக் கேட்டாலும் ஈராக் போரை அப்போதே எதிர்த்தேன் என்கிறார்கள். 2003-ல் என் காதில் விழுந்தது அப்படி இல்லை. யூகவ் என்ற கருத்துக் கணிப்பு நிறுவனம் இங்கே பிரிட்டனில் அந்த வருடம் மார்ச் முதல் டிசம்பர் வரை எடுத்த கருத்துக் கணிப்புகளில் சராசரியாக 54 சதவீதம் பேர் போருக்குப் போனது சரி என்றார்கள். அதே நிறுவனம் 2015-ல், 'அந்த நேரத்தில் நீங்கள் ஆதரித்தீர்களா' என்று கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 37 சதவீதம்தான். அதனால்தான் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

நான் அப்போது ஸ்விண்டனில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் வார்டில் ஒரு நர்சிங் உதவியாளர், ஐம்பது வயதுப் பெண்மணி, போரை எதிர்த்து நடந்த பிப்ரவரி 15 லண்டன் ஊர்வலத்துக்கு பஸ் பிடித்துப் போய் வந்தார். போலீஸ் கணக்குப்படியே ஏழரை லட்சம் பேர். நடத்தியவர்கள் இருபது லட்சம் வரை சொன்னார்கள். 'என் பெயரால் வேண்டாம்' என்ற பேட்ஜோடு திரும்பினார். யூனிஃபார்மில் குத்தக் கூடாது என்பதால் கோட்டில் குத்திக்கொண்டு, ஸ்டாஃப் ரூமில் அந்தக் கோட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பார்.

அதைப் பார்த்து முதலில் பேசியவர் எங்கள் ரெஜிஸ்ட்ரார் டாக்டர். ஈராக்கின் சுலைமானியா பக்கத்துக்காரர், அங்கே சிறுபான்மையான குர்து இனத்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, "1988-ல் இந்த ஊர்வலம் எங்கே போயிருந்தது?" என்று கேட்டார். அந்த வருடம் மார்ச் 16-ந் தேதி குர்துகளின் ஊரான ஹலப்ஜாவில் ஈராக் அதிபர் சதாம் ஹுசேனின் விமானங்கள் விஷ வாயுக் குண்டு போட்டதில் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். அவருடைய சித்தி குடும்பமும் அதில் போய்விட்டது. ஊர்வலம் நடந்த அன்று கிளாஸ்கோவில் பிரதமர் டோனி பிளேர் பேசியதும் கிட்டத்தட்ட இதே வாதம்தான்: நீங்கள் எத்தனை லட்சம் பேர் நடந்தாலும் சதாமால் செத்தவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம் என்றார். பிளேர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் சொன்னபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அந்த அம்மா விடவில்லை. "ஹலப்ஜாவுக்குப் பிறகும் சதாமுக்கு ஏற்றுமதிக் கடனைக் கூட்டிக் கொடுத்தது எங்கள் அரசுதானே டாக்டர்? அவர்களை நம்பியா படையை அனுப்பச் சொல்கிறீர்கள்?"

"தெரியும். அதனால்தான் முடித்து வைக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இருக்கிறது என்கிறேன்."

இரண்டு பேரும் முகம் சிவந்துதான் போனார்கள். ஆனால் அந்த ஒரு உரையாடலில் இருந்த நேர்மை அந்த மாதம் டி.வி.யில் நான் பார்த்த எந்த விவாதத்திலும் இல்லை. நான் போருக்கு எதிர்ப்பு, இன்றும் அப்படித்தான். டாக்டர் சொன்ன காரணம் உண்மையானது, ஆனால் அரசு நாட்டுக்குச் சொன்ன காரணம் அது இல்லையே! அரசு வெளியிட்ட 2002 செப்டம்பர் ஆவணத்தில் இருந்தது 45 நிமிடத்தில் ஏவக்கூடிய ஆயுதங்களைப் பற்றிய கதை. குர்துகளுக்காகப் போகிறோம் என்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் எத்தனை எம்.பி.க்கள் கை தூக்கியிருப்பார்கள்?

மார்ச் 17-ந் தேதி ராபின் குக் போரை எதிர்த்து அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் இரவு போருக்குப் போகும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 412-க்கு 149 என்று நிறைவேறியது. ஆளும் கட்சியிலேயே 139 பேர் போருக்கு எதிரான திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அதுவரை சரி, எப்படியும் பேச முடிந்தது. 20-ந் தேதி போர் ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது.

எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே ஃபேர்ஃபோர்டு விமானத் தளம். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பாக்தாத் போயின. 21-ந் தேதி காலை அவை கிளம்பின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்குக் கேட்டது அடிவயிற்றில் இறங்குகிற ஒரு நீண்ட உறுமல். வார்டில் இருந்த ஒரு பெரியவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், விரல் விட்டு எண்ணினார். "ஆறு மணி நேரம். நமக்குச் சாயங்காலம், அவர்களுக்கு ராத்திரி." அதேபோல சாயங்காலம் டே ரூம் டி.வி.யில் பாக்தாத் எரிந்தது. அவர் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் கூடாது என்றார்: "நம்ம பசங்க அங்கே இருக்காங்க, பார்த்துதான் ஆகணும்." இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, கடைசியில் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டியதாயிற்று.

'நம்ம பசங்க' என்று வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேச முடிவதில்லை. எங்கள் வார்டு சிஸ்டரின் மகன் குவைத் எல்லையில் இருந்தான். போருக்கு முன்பு இது எண்ணெய்க்கான போர் என்று சொன்னவரே அவர்தான். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். அந்த அம்மாவும் பேட்ஜைக் கழற்றிவிட்டார், சிஸ்டருக்காக. கருத்துக் கணிப்பில் ஆதரவு ஏறியது இப்படியும்தான் என்று நினைக்கிறேன். சிஸ்டரின் மகன் பிழைத்து வந்தான். பிரிட்டன் அந்தப் போரில் 179 வீரர்களை இழந்தது. ஈராக்கியர்கள் எத்தனை ஆயிரம் என்று எங்கள் வார்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2007-லிருந்து 2011 வரை, லைன்ஹாம் விமானத் தளத்தில் இறங்கிய வீரர்களின் சவப்பெட்டிகள் பக்கத்து ஊரான வூட்டன் பாசெட் கடைத்தெரு வழியாக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும். முதலில் ஈராக்கிலிருந்து, பிறகு பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து. சர்ச் மணி அடித்ததும் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். சிஸ்டரும் அந்த அம்மாவும் சேர்ந்தே போய் நிற்பார்கள். அப்படி நிற்பதே போரை ஆதரிப்பதாகும் என்று எழுதியவர்கள் உண்டு. எதிர்த்தவரும் பேசாமல் இருந்தவரும் ஒரே நடைபாதையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் உடன்பாடு இல்லை.

2016 ஜூலை 6-ந் தேதி இந்தப் போரைப் பற்றி விசாரித்த சில்காட் குழுவின் அறிக்கை வந்தது. 26 லட்சம் வார்த்தைகள். அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒரு போர்ட்டர், "எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும்" என்றார். 2003-ல் அதே அறையில் அந்த அம்மாவைத் துரோகி என்று சொன்னவர் அவர். நான் ஞாபகப்படுத்தினேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கோபப்பட்டார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். அதுதான் என்னை உலுக்கியது.

டாக்டர் மட்டும் மாறவில்லை. சில வருடம் முன்பு பேசியபோது, "சதாம் போக வேண்டும் என்று கேட்டவன் நான்தான், அதை மறைக்க மாட்டேன்" என்றார். ஈராக் ராணுவத்தைக் கலைத்தது, பிறகு மோசூல் நகரத்தை ஐ.எஸ். தீவிரவாதிகள் பிடித்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதற்கெல்லாம் என் பங்கும் உண்டு" என்றார். அவரோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் யாரோடு வாதாடினேன் என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன்.

டெக்சாஸிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. 2003-ல் ஒரு ராணுவ நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லாக் கார்களிலும், போருக்குப் போன வீரர்களுக்கு ஆதரவு காட்டும் மஞ்சள் ரிப்பன் ஸ்டிக்கர். பிரான்ஸ் போரை எதிர்த்ததற்காக நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்சு ஃப்ரைஸின் பெயரையே மாற்றிய நேரம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரிப்பனைக் கொண்டுவந்து, "உங்கள் காரில் இல்லையே" என்று அன்பாகத்தான் கொடுத்தார். விசாவில் இருந்த நான் ஒட்டிக்கொண்டேன். எதிர்ப்பதற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் பேசியவர்களுக்கு இருந்த அது எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

லண்டன் டூட்டிங்கிலிருந்து:

நான் யாழ்ப்பாணம். அப்ப இங்கே ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. விடியப்புறம் பேப்பர் கட்டுகள் வந்து இறங்கும், பிரித்து அடுக்குவது என்ர வேலை. 'சன்' போருக்கு ஆதரவு, 'டெய்லி மிரர்' எதிர்ப்பு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பேன். ஆள் எதைத் தூக்குகிறார் என்று பார்த்தாலே என்ன கதைக்கப்போகிறார் என்று தெரியும்.

'சன்' வாங்குகிற ஒரு வயதான வெள்ளைக்காரர் நல்லவர், குளிர் நாட்களில் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்குவார். "நாங்கள் அந்தச் சனத்தை விடுவிக்கிறோம், உனக்கு விளங்கும்" என்றார். நான் சொன்னேன்: 1987-ல் இந்தியப் படை எங்கட ஊருக்கு அமைதி காக்க வந்தது, மாலை போட்டு வரவேற்றோம், அதே வருடம் அக்டோபரில் அவர்களின் ஷெல்லுக்குப் பதுங்கு குழிக்குள் இருந்தோம். படை என்ன மனத்தோடு வந்தாலும், திரும்பிப் போகிறபோது யாராக மாறியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர், "நாங்கள் அப்படியில்லை" என்றார். அடுத்த வருடம், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்த படங்கள் முதல் பக்கத்தில் வந்தன. அமெரிக்கர் செய்தது, எங்கட ஆட்களில்லை என்றார். 2003 செப்டம்பரில் பஸ்ராவில் பிரிட்டிஷ் படையின் காவலில் ஒரு ஹோட்டல் வரவேற்பாளர் அடித்தே கொல்லப்பட்ட விசயம் பெரிதானபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மாற்றவும் இல்லை.

வீட்டில் மாமா எனக்கு நேர் எதிர். "தன்ர சனத்தைக் கொல்லுகிறவனை வெளியில் இருந்து வந்து தடுக்கத்தான் வேணும். நாளைக்கு எங்களுக்கு ஆர் வருவினம்?" என்பார்.

2009 ஏப்ரலில் அந்தக் கேள்வி எங்களிடமே வந்தது. வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, நாங்கள் ஆயிரக்கணக்கில் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்தோம். பக்கத்தில், 2001-ல் இருந்து போருக்கு எதிராக அங்கேயே கூடாரம் போட்டிருந்த பிரையன் ஹாவின் பதாகைகள், குண்டில் சிதைந்த ஈராக் குழந்தைகளின் படங்களோடு. வழியால் போன ஒருவர் நின்று கேட்டார்: "ஈராக்குக்குப் போகாதே என்றீர்கள். இப்ப உங்களுக்கு வரச் சொல்கிறீர்களா?"

ஷெல் அடிக்கிறவனை நிறுத்தச் சொல்லித்தான் கேட்கிறோம், நீங்களும் வந்து ஷெல் அடியுங்கோ என்று கேட்கவில்லை என்றேன். மாமா என்னை இடைமறித்து, "படை வந்தாலும் நல்லது" என்று அவரிடம் சொன்னார். அந்த மனிதரை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தமிழில் சண்டை பிடித்தோம். மே 18-க்குப் பிறகு மாமா சொல்கிறார், ஒரு படையாவது வந்திருந்தால் தன்ர தங்கச்சி இருந்திருப்பா என்று. அந்தத் தங்கச்சி எனக்கும் அம்மா முறை. அப்படியும் இந்த விசயத்தில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போன கிழமையும் இதைப் பற்றித்தான் கதைத்தோம்.